ஊரார் ஆதரவும் ஊர்த் தொழிலும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவன்று மலையை வலம் வந்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் விடியும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரையுள்ள எட்டுச் சந்நிதிகளை ஒட்டியும், அவற்றின் இடையிலும் சிறு வியாபாரிகள் பாதையோரமாக அமர்ந்திருப்பார்கள். ஒருவர் இளநீர் சீவிக் கொடுப்பார். மற்றொருவர் சுக்குக் காபி ஆற்றுவார். மூதாட்டி ஒருத்தி, இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையை அவித்து, கூறு கட்டி வைத்திருப்பாள். விபூதி, கற்பூரம், மரப்பொம்மை, மூங்கில் கூடை என்று பலவகைப் பண்டங்களும் அங்கே விலைபோகும்.

பொழுது புலர்ந்ததும் கூட்டம் கலைகிறது. பேருந்துகளும் ரயில்களும் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சென்றுவிடுகின்றன. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் அந்த மூதாட்டியும், அவளைப் போன்ற சிறு வியாபாரிகளும், அவர்களுக்குப் பண்டம் செய்து தரும் சுற்றுக் கிராமத்துக் கைத்தொழிலாளரும் எவ்வாறு வாழ்கிறார்கள்? அவர்களுடைய தொழில் நிலைத்து நிற்பதற்கு அவர்களைச் சூழ்ந்துள்ள ஊரார் செய்யத்தக்கது யாது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருநாள் வருவாயும் அன்றாட வாழ்வும்

ஓர் ஆண்டில் 12 பௌர்ணமிகள் வருகின்றன. சில ஆண்டுகளில் 13 வருவதும் உண்டு. இவற்றோடு கார்த்திகைத் தீபப் பெருவிழா நடைபெறும் பத்து நாட்களையும் சேர்த்துக்கொண்டால், பெருங்கூட்டம் கூடும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஆனால் அடுப்பு எரிய வேண்டிய நாட்கள் 365. பிள்ளைகளின் பள்ளிச் செலவும், வீட்டு வாடகையும், வைத்தியச் செலவும் பௌர்ணமியைப் பார்த்து வருவதில்லை.

வெளியூர் யாத்திரிகர் நல்ல வாடிக்கையாளரே, ஐயமில்லை. எனினும் அவர் ஒருமுறை வாங்குகிறார், போய்விடுகிறார். பண்டம் நன்றாக இருந்தது என்றோ, இன்னும் சற்றுத் திருத்தமாக இருந்தால் நலம் என்றோ திரும்பி வந்து சொல்வதற்கு அவருக்கு வாய்ப்பில்லை. விற்பவர் நோயுற்றுக் கிடந்தால் ஏன் வரவில்லை என்று கேட்க அவர் இரார். இவற்றையெல்லாம் செய்யக்கூடியவர் உடனுறையும் ஊராரே ஆவர்.

இவ்வுண்மையைக் கசப்பான அனுபவம் ஒன்று நமக்கு உணர்த்திச் சென்றிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்கு வந்தது. அதனைத் தொடர்ந்து பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022-ஆம் ஆண்டில்தான் மக்கள் மீண்டும் முன்போல் மலையை வலம் வந்தனர். யாத்திரிகரை மட்டுமே நம்பியிருந்த வியாபாரிக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் சந்தையே இல்லாத ஆண்டுகள். பக்கத்துத் தெருவிலும் பக்கத்துக் கிராமத்திலும் வாடிக்கையைப் பெற்றிருந்தவருக்கோ பற்றிக்கொள்ள ஒரு கொம்பாவது இருந்தது. ஆகவே, திருநாள் கூட்டம் தொழிலுக்குக் கிடைக்கும் மழை என்றால், ஊரார் ஆதரவு ஊற்றுக் கிணறு என்று கொள்ளலாம். மழை பொய்த்தாலும் கிணறு கைகொடுக்க வேண்டும்.

ஆதரவு என்பது யாது?

ஆதரவு என்றவுடன் பலரும் இரக்கத்தையோ, நன்கொடையையோ நினைத்துக்கொள்கிறார்கள். இது பிழையான எண்ணம். இரக்கப்பட்டு ஒருநாள் வாங்குபவர் மறுநாள் வாங்கமாட்டார். தரமற்ற பண்டத்தை, நம்மூரான் செய்தது என்பதற்காக வாங்கிக் கொள்வதும் அவருக்குச் செய்யும் உதவியன்று. அது அவர் திருந்துவதற்குள்ள வாய்ப்பைக் கெடுப்பதாகும்.

ஊரார் தரத்தக்க ஆதரவு ஐந்து வகைப்படும். வாங்கும் பொருளுக்கு உடனே விலை கொடுத்தல் ஒன்று. சிறு முதலைக் கூட்டாகத் திரட்டித் தருதல் இரண்டு. விற்பதற்கு இடம் காட்டி, அந்த இடத்தைக் காத்துக் கொடுத்தல் மூன்று. பொருளின் தரத்தையும் பெயரையும் ஒன்றுகூடிக் காத்தல் நான்கு. ஊர்ப் பொது நிறுவனங்கள் ஊர்ப் பொருளை வாங்குதல் ஐந்து. இவற்றுள் ஒன்றேனும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. ஒழுங்கும் ஒற்றுமையுமே வேண்டப்படுகின்றன.

ரொக்கமே உதவி

முதலாவதைச் சற்று விரிவாகக் காண்போம். கிராமத்தில் ஒருவர் சிறு கடை தொடங்கினால் முதலில் வருபவர்கள் உற்றாரும் அண்டை வீட்டாருமே. வருபவர்களில் பலர், “கணக்கில் எழுதிக்கொள் அப்பா” என்று சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துச் செல்வதையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். கேட்பவர் சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருப்பதால், கடைக்காரரால் மறுக்கவும் முடிவதில்லை; திருப்பிக் கேட்கவும் முடிவதில்லை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒருவர் 10,000 ரூபாய் முதலில் கடை வைக்கிறார் என்று கொள்வோம். அம்முதல் பத்து நாளைக்கு ஒருமுறை சரக்காகி, விற்று, மீண்டும் பணமாகிறது. நூற்றுக்குப் பத்து ரூபாய் ஆதாயம் என்றால், மாதத்தில் மூன்று சுற்றுக்கு 3,000 ரூபாய் கிடைக்கும். இனி, அம்முதலில் 5,000 ரூபாய் கடன் நோட்டில் முடங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மிஞ்சிய 5,000 ரூபாய்தான் சுற்றும். ஆதாயம் 1,500 ரூபாயாகச் சுருங்கும். குடும்பச் செலவோ சுருங்குவதில்லை. ஆகவே அவர் எஞ்சிய முதலிலிருந்து எடுத்து உண்ணத் தொடங்குகிறார். ஓராண்டுக்குள் கடை மூடப்படுகிறது. “நம்மூரில் வியாபாரம் எடுபடாது” என்று ஊரார் பேசிக்கொள்கிறார்கள். கடையை மூடியது வியாபாரக் குறைவன்று. அன்பின் பெயரால் வாங்கப்பட்ட கடனே ஆகும்.

ஆதலின், சிறு தொழில் செய்பவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்குவதே உறவினர் செய்யும் முதல் உபகாரம். கூலி வாரக்கடைசியில் வரும் குடும்பங்களுக்குச் சில நாள் தவணை தேவைப்படலாம். அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நலம். முதலில் பத்தில் ஒரு பங்குக்குமேல் கடனாக வெளியே நிற்கக் கூடாது என்பது கடைக்காரர் பின்பற்றத்தக்க எளிய விதி. அதனைக் கடையில் எழுதி மாட்டிவைத்தால் முகம் முறியாமலும் இருக்கும்.

தண்டல் கடனும் குழுச் சேமிப்பும்

இரண்டாவது, முதல் திரட்டல். சிறு வியாபாரிக்குத் தேவைப்படும் பணம் சிறிது. ஆனால் அது உடனே தேவை. பௌர்ணமிக்கு முந்தைய நாள் சரக்கு எடுத்தாக வேண்டும். அவசரத்தில் கைகொடுப்பது தண்டல் கடன்தான். 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவது அதன் வழக்கமான முறைகளில் ஒன்று. பின்னர் நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிக்கப்படும்.

பார்வைக்கு இது பத்து விழுக்காட்டு வட்டியாகத் தோன்றும். உண்மையில், நாள்தோறும் திருப்பிக் கொடுப்பதால் கடன் குறைந்துகொண்டே வருகிறது. 100 நாட்களுக்குச் சராசரியாக அவர் கையில் நின்ற பணம் ஏறத்தாழ 4,500 ரூபாயே. அதற்கு அவர் கொடுத்த வட்டி 1,000 ரூபாய். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேற்பட்ட வட்டியாகும். இத்தகைய கொடுமைகளைக் கருதியே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றோடு தண்டலையும் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்தது. எனினும், வேறு வழி திறக்கப்படாத இடத்தில் சட்டம் மட்டும் தனித்து நின்று பயன் தராது.

அந்த வேறு வழியை ஊரார் கூடித்தான் திறக்க வேண்டும். இது நம் நாட்டுக்குப் புதியதன்று. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க் கிராமத்தில் விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றிவிட்டது. பின்னர் 1989-இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992-இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாத பெண்களுக்கு, அவர்களுடைய ஒற்றுமையையே பிணையாகக் கொண்டு வங்கி கடன் தரலாயிற்று.

இக்குழுவின் ஆற்றலையும் ஒரு கணக்கால் காணலாம். 15 பெண்கள் வாரம் 50 ரூபாய் வீதம் சேமித்தால் வாரத்துக்கு 750 ரூபாய். 52 வாரங்களில் 39,000 ரூபாய். வெளியார் எவரையும் கேளாமலே நான்கு உறுப்பினருக்குத் தலைக்கு 9,000 ரூபாய் கடன் கொடுக்க இது போதும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்து, அதே 100 நாட்களில் அதே முறையில் திருப்பிக் கொடுத்தால், வட்டி ஏறத்தாழ 150 ரூபாய்தான் ஆகும். தண்டலில் போன 1,000 ரூபாயோடு ஒப்பிட்டால் 850 ரூபாய் மிச்சம். மேலும், அந்த 150 ரூபாயும் ஊரைவிட்டுப் போவதில்லை. குழுவின் முதலிலேயே சேர்கிறது.

குழு நிலைக்க வேண்டுமானால் ஐந்து ஒழுக்கங்கள் தவறாமல் கைக்கொள்ளப்பட வேண்டும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தமக்குள் கடன் வழங்கல், தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துதல், தெளிவாகக் கணக்கு எழுதுதல் என்பவை அவை. இவற்றில் முதலில் தளர்வது பெரும்பாலும் கணக்கு எழுதுவதே. எழுதப் படிக்கத் தெரிந்த ஊர் இளைஞர்கள் மாதம் இரண்டு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கினால் அதுவே பெருந்தொண்டாகும்.

விற்பதற்கு ஓர் இடம்

மூன்றாவது, இடம். பண்டம் நன்றாக இருந்தும், முதல் கையில் இருந்தும், உட்கார்ந்து விற்க இடமில்லாமல் அலைபவர்கள் உண்டு. இன்று இங்கே, நாளை அங்கே என்று விரட்டப்படுபவரிடம் வாடிக்கை நிலைக்காது. இக்குறையைப் போக்கும் பொருட்டு 2014-ஆம் ஆண்டில் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அப்பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய இச்சட்டத்தைக் கிராமத்தார் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில் விற்பவர்களில் சுற்றுக் கிராமத்தாரும் இருக்கிறார்கள். கீரையும் பூவும் மல்லாட்டையும் கொண்டுவந்து விற்றுவிட்டு மாலையில் ஊர் திரும்பும் பெண்ணின் பெயர், கணக்கெடுக்கும் நாளில் அவள் அங்கே இல்லாத காரணத்தால் விட்டுப்போகக் கூடும். அவள் சார்ந்த குழுவும் ஊராட்சியும் இதனை முன்னரே அறிந்து, அவள் பெயர் விடுபடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஊராட்சியும் தன் எல்லைக்குள் வாரம் ஒருநாள் சந்தைக்கு நிழலும் குடிநீரும் உள்ள ஓர் இடத்தை ஒதுக்கித் தரலாம்.

பெயரைக் காத்தல்: ஜடேரி தரும் பாடம்

நான்காவது, தரமும் பெயரும். இதற்குத் தக்க சான்று இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில், செய்யாற்றுக்கு அருகே ஜடேரி என்றொரு கிராமம் உள்ளது. வைணவ அன்பர்கள் நெற்றியில் தரிக்கும் திருமண்ணுக்குரிய நாமக்கட்டி செய்வது இவ்வூராரின் பரம்பரைத் தொழில். வெண்மையான களிமண்ணைக் கொண்டுவந்து நுண்ணிதாக அரைக்கிறார்கள். தொட்டி நீரில் கரைத்து, மணலும் மாசும் நீங்குமாறு தெளியவிடுகிறார்கள். மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கும் வெண்ணெய் போன்ற களியை எடுத்துக் கையால் கட்டிகளாக உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். சிவத்தலமாகிய திருவண்ணாமலையின் பெயரைத் தாங்கிய மாவட்டத்திலிருந்து பெருமாள் அடியார்க்குரிய நாமக்கட்டி செல்வது மனத்துக்கு இனிய செய்தியாகும்.

இத்தொழிலின் இடர்களும் வெளிப்படையானவை. மண் வேண்டும், வெயில் வேண்டும். மழைக்காலத்தில் உலர்த்த முடியாது, வேலையும் நடவாது. இவற்றையெல்லாம் பொறுத்துச் செய்த பொருளை, செய்தவரின் பெயரோ ஊரின் பெயரோ அறியாமலே உலகம் வாங்கிவந்தது. வேறெங்கோ செய்த கட்டியை அதே பெயரால் விற்றாலும் கேட்பாரில்லை.

இந்நிலையில் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜடேரி நாமக்கட்டிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் சிறப்பு அது தோன்றும் இடத்தால் அமைவது என்பதற்குச் சட்டம் தரும் சான்றே புவிசார் குறியீடு. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் இது வழங்கப்படுகிறது. நாடு முழுவதற்குமான இதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இச்சட்டத்தில் நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. இக்குறியீட்டைத் தனி மனிதர் ஒருவர் தமக்கென்று பெற இயலாது. உற்பத்தியாளரின் சங்கமோ, அவர்களுடைய நலனுக்காக நிற்கும் அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். அதாவது, பெயர் ஊருக்குரியது; ஊர் ஒன்றுகூடினால்தான் அது கிடைக்கும் என்று சட்டமே சொல்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் இக்குறியீடு கிடைத்ததும் அங்குள்ள உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி முயன்றதன் பயனே. நிலக்கடலை நம் மாவட்டத்திலும் மிகுதியாக விளைகிறது. ஆனால் விளைந்த கடலை மூட்டையாகக் கட்டப்பட்டு விலைபோகிறது. மூட்டைக்குப் பெயர் கிடையாது. அதனை ஊரிலேயே வறுத்து, செக்கிலிட்டு எண்ணெயாக்கி, வெல்லப்பாகில் இட்டு மிட்டாயாக்கி, ஒரே தரத்தோடு ஒரே பெயரில் விற்கும் குழுக்கள் தோன்றினால், கிரிவலப் பாதையில் வாங்கிச் செல்லப்படும் ஒவ்வொரு பொட்டலமும் ஊரின் பெயரைச் சுமந்து செல்லும் அன்றோ?

எனினும் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். பதிவுச் சான்றிதழ் கிடைத்ததனால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது. உரிய உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டுக்குக் கட்டு எடையும் தரமும் மாறாதிருக்க வேண்டும். ஒருவர் கலப்படம் செய்தால் அனைவர் பெயரும் கெடும் ஆதலால், ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் துணிவு சங்கத்துக்கு வேண்டும். அக்கம்பக்கத்துக் கோயில்களும் கடைகளும் பெயர் கேட்டு வாங்க முன்வர வேண்டும். இவை யாவும் நிகழ்ந்தால்தான் குறியீடு கூலியாக மாறும்.

ஆரணியின் நெசவாளர்கள் இப்பாதையில் முன்னரே நடந்தவர்கள். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும், தனித்து நிற்கும் நெசவாளரால் பட்டு நூலை மொத்தமாக வாங்கிவைக்க இயலாது. கூட்டுறவுச் சங்கம் நூலை வாங்கிக் கொடுக்கிறது. நெய்த சேலையைப் பெற்றுக்கொண்டு கூலி வழங்குகிறது. விற்கும் பொறுப்பைத் தான் ஏற்கிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் என்னும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இத்தகைய சங்கங்களின் துணிகளை நாடெங்கும் விற்றுவருகிறது. மூலப்பொருளைக் கூட்டாக வாங்குவதும், சரக்கைக் கூட்டாக விற்பதும், நடுவில் உள்ள கைத்திறன் மட்டும் தனி ஒருவருடையதாக இருப்பதும்தான் இம்முறையின் சூட்சுமம்.

ஊர்ப்பணம் ஊர்ப்பொருளுக்கு

ஐந்தாவது, பொது நிறுவனங்களின் கொள்முதல். ஊரில் உள்ள பள்ளி, மாணவர் விடுதி, கோயில், திருமண மண்டபம், கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி அலுவலகம் ஆகிய யாவும் ஆண்டு முழுவதும் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் தேவை பௌர்ணமியைப் போலத் திடீரென்று பெருகித் திடீரென்று வடிவதன்று. சிறு தொழிலுக்கு வேண்டியது இத்தகைய நிலையான தேவையே.

அரசு இத்துறையில் முன்மாதிரிகள் சிலவற்றைக் காட்டியிருக்கிறது. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம், ஏழை மக்களுக்குப் பொங்கல் துணி தருவதோடு, நெசவாளருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கச் செய்வதையும் நோக்கமாகக் கொண்டது. பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். இவற்றில் எதுவும் தானமன்று. தேவை ஏற்கெனவே இருந்தது. அந்தத் தேவையை ஊராரின் உழைப்போடு இணைத்ததே செய்யப்பட்ட காரியம்.

ஊர் அளவிலும் இதனையே செய்யலாம். ஒரு திருமணத்துக்கு வேண்டிய தாம்பூலப் பை, பாய், மாலை, பலகாரம் ஆகியவற்றில் எவையெவை சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் என்பதை அறிந்து வாங்கினால், ஒரே திருமணத்தால் பல குடும்பங்களுக்கு ஒரு வார வேலை உண்டாகும்.

இங்கும் விலையை உரிய நாளில் கொடுப்பது மிக முக்கியம். பெரிய நிறுவனத்துக்கு நிலுவை என்பது கணக்கேட்டில் ஒரு வரி; சிறு உற்பத்தியாளருக்கோ அது அடுத்த மாத மூலப்பொருள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய பொருளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட நாளுக்குள் விலை தர வேண்டும். அந்நாளும் 45 நாட்களுக்கு மேற்படலாகாது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இந்த உரிமையைப் பெறுவதற்கு உத்யம் என்னும் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஊரில் விவரம் அறிந்தவர்கள் இப்பதிவைச் செய்து கொடுத்தால் அதுவும் ஓர் ஆதரவே.

கிராம சபையில் தொடங்குக

இவற்றையெல்லாம் எங்கே தொடங்குவது? அதற்கு ஏற்ற அரங்கு நம் கையிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழகத்தின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசும் அக்கூட்டத்தில் ஊர்த் தொழிலைப் பற்றியும் அரைமணி நேரம் பேசலாம்.

முதற் கூட்டத்தில் ஒரு பட்டியல் எழுதுக. ஊரில் யார் என்ன செய்கிறார்கள், என்ன விற்கிறார்கள், எந்த மாதங்களில் வேலையின்றி இருக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். தன் ஊரில் பாய் முடைபவர் எத்தனை பேர், தையல் இயந்திரம் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று சரியாகச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. இரண்டாம் கூட்டத்தில் மற்றொரு பட்டியல் எழுதுக. ஊர் மக்களும் நிறுவனங்களும் வெளியூரிலிருந்து மாதந்தோறும் வாங்கிவரும் பொருள்கள் யாவை என்பது அதில் இருக்கட்டும். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தத் தேவையை எந்தக் கை நிறைவேற்றக்கூடும் என்பது தானே விளங்கும். மூன்றாம் கூட்டத்தில், பலவற்றை ஒருங்கே எடுத்துக்கொள்ளாமல், ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முயல்க. ஒன்று வென்றால் மற்றவை தொடரும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, மக்கள் பங்கேற்காத வளர்ச்சி வேர் கொள்ளாது என்பதே அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. திட்டங்களின் பெயர்கள் அதன்பின் பலமுறை மாறியிருக்கின்றன. அந்த உண்மை மாறவில்லை. அரசு கடன் தரலாம், பயிற்சி தரலாம், சட்டம் இயற்றலாம். ஆனால் காலையில் எழுந்து, அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து ஒரு படி மல்லாட்டை வாங்கும் காரியத்தை அரசு செய்ய இயலாது. அதனை ஊராரே செய்ய வேண்டும்.

கார்த்திகைத் திருநாளில் அண்ணாமலையார் தேர் மாட வீதிகளில் வலம் வருவதை நாம் காண்கிறோம். வடத்தில் கைவைத்தவர் எவரும் அத்தேரைத் தாமே இழுத்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. கைவைக்காமல் எல்லாரும் ஒதுங்கி நின்றிருந்தால் அது நிலையைவிட்டு நகர்ந்திராது. கிரிவலப் பாதையோரம் மல்லாட்டை விற்கும் அந்த மூதாட்டியின் தொழிலும் அத்தகையதே. பௌர்ணமி இரவு அவளிடம் வாங்கியவர்கள் இப்போது தொலைவில் இருக்கிறார்கள். எஞ்சிய நாட்களில் வடத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.